“இந்த மணல் எங்கிருந்து வந்தது?” – வீடு கட்டிக் கொடுக்கும் ஒருவரின் கேள்விக்குப் பதில்

கிளிநொச்சிப் பக்கத்தில் மைத்துனருடன் சேர்ந்து வீடு கட்டிக் கொடுக்கும் சிறு நிறுவனம் ஒன்றை நடத்தும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்து அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது முப்பத்தெட்டு. ஆண்டுக்குப் பத்து, பன்னிரண்டு வீடுகளை முடித்துக் கையளிக்கிறார். இரண்டு மேசன் குழுக்களும் தச்சரும் உதவியாட்களுமாக 23 பேர் அவரிடம் நாட்சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். அண்மையில், தாய்க்கு வீடு கட்டுவிப்பதற்காகக் கனடாவிலிருந்து வந்த ஒருவர், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், “இந்த மணல் எங்கயிருந்து வருது? மரம் எங்க வெட்டினது?” என்று கேட்டிருக்கிறார். நம் வாசகருக்குப் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை என்றும், தொழிலையே சூழலுக்கு இசைவானதாக மாற்ற முடிவு செய்திருப்பதாகவும் எழுதுகிறார். வங்கிக் கடன் எடுத்து மண்கல் (சுடாமல், மண்ணை அழுத்திச் செய்யும் கட்டடக் கல்) அழுத்தும் இயந்திரம் வாங்குவது, ஒவ்வொரு வீட்டுக்கும் சூரிய மின்தகடு பொருத்துவது, அஸ்பெஸ்டஸ் கூரைச் சீற்றை அடியோடு நிறுத்துவது, ‘பசுமை வீடு’ என்று பதாகை வைத்து விளம்பரம் செய்வது ஆகியவை அவருடைய திட்டங்கள். மணலுக்கான அனுமதி டிப்பர்காரரின் பொறுப்பு என்றும், நாட்சம்பளக்காரருக்கு ஓய்வுக்காலச் சேமலாப நிதி கிடையாது என்றும் அவர் நம்பியிருப்பது கடிதத்திலிருந்து தெரிகிறது. மாமனாரோ ஒரே வசனத்தில் எதிர்த்திருக்கிறார்: “தறப்பாளுக்கையும் தகரத்துக்கையும் கிடந்து எழும்பின சனத்துக்கு நீ மண்வீடோ கட்டிக் குடுக்கப் போறாய்?”

அன்புள்ள வாசகருக்கு,

ஒரு வாடிக்கையாளர் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அந்த நேர்மையை மதித்தே இந்தப் பதிலை எழுதுகிறேன். நான் கட்டடப் பொறியியலாளர். சட்டம் குறுக்கிடும் இடங்களில் பொதுவான விதியை மட்டுமே சொல்வேன். உங்கள் பத்திரங்களை வைத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடமும் ஒருமுறை பேசிவிடுங்கள்.

உங்கள் திட்டங்களில் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. இயந்திரம், சூரிய மின்தகடு, பதாகை ஆகிய மூன்றும் இப்போது உள்ள தொழிலின் மேல் புதிதாக ஏற்றி வைக்கப்படும் செலவுகள். அந்த மனிதர் உங்களிடம் புதிதாக எதையும் கேட்கவில்லை. நீங்கள் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கும் பொருள் வந்த வழியைத்தான் கேட்டார். அங்கிருந்து தொடங்கினால் செலவு குறைவு. கடன் எடுக்க வேண்டிய தேவையும் இப்போதைக்கு இல்லை.

மணலும் மரமும்: காகிதம் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும்

மணல் அனுமதி டிப்பர்காரரின் பொறுப்பு என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி மணலோ கிரவலோ அகழ்வதற்கு மட்டுமன்றி, அதை ஏற்றிச் செல்வதற்கும் வியாபாரம் செய்வதற்கும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். அனுமதியின்றி எடுக்கப்பட்ட மணல் என்று தெரிந்தும் உங்கள் வளவில் குவித்து வைத்தால் வழக்கு உங்கள் வாசலுக்கும் வரக்கூடும். வழக்கு வராவிட்டாலும், வேலையின் நடுவில் மணல் வரத்து நின்றுபோய், ஆட்கள் சும்மா இருக்க, ஒப்பந்தத் தவணை தவறிப் போகும் நட்டம் உங்களுடையதுதான்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கனகராயன் ஆற்றை நம்பித்தான் இரணைமடுக் குளம் இருக்கிறது, இரணைமடுவை நம்பித்தான் கிளிநொச்சியின் வயல்கள் இருக்கின்றன. ஆற்றுப் படுகையில் கிடக்கும் மணல் மழைநீரைப் பிடித்து வைத்துக் கரையோரக் கிணறுகளுக்கு மெல்ல மெல்ல ஊற விடுகிறது. அதை அளவுக்கு மீறி அள்ளினால் படுகை தாழும், கரை இடியும், கோடையில் கிணற்று நீர் கீழே இறங்கும். நீங்கள் இன்று கட்டிக் கொடுக்கும் வீட்டின் கிணறே நாளை வற்றினால், அந்த வீட்டுக்கு எந்த அடைமொழி கொடுத்தும் பயனில்லை.

ஆகவே, வரும் ஒவ்வொரு பாரத்துக்கும் அனுமதிப்பத்திர இலக்கம், திகதி, வண்டி இலக்கம், எத்தனை கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) என்பவற்றை ஒரு கொப்பியில் பதிந்து, அனுமதியின் படத்தைத் தொலைபேசியில் எடுத்துக்கொள்ளுங்கள். காகிதம் தராதவரிடம் வாங்காதீர்கள். அனுமதியுள்ள மணலுக்கு விலை கூடும் என்று நீங்கள் அஞ்சுவது நியாயம். அதை ஈடுகட்டும் வழி மேசனின் கையில் இருக்கிறது. கற்சுவர் தூக்குக்கு நேராக எழும்பாவிட்டால், அந்தக் கோணலை மறைப்பதற்காகப் பூச்சு ஓர் அங்குலம் வரை தடிக்கிறது. 3,000 சதுர அடி பூச்சுப் பரப்புள்ள வீட்டில் ஓர் அங்குலப் பூச்சுக்கு 250 கன அடி, அதாவது இரண்டரை கியூப் சாந்து போகும். சுவர் நேராக இருந்து அரை அங்குலத்தில் பூச முடிந்தால் ஒன்றேகால் கியூப் போதும். பன்னிரண்டு வீட்டுக்கு மிச்சம் 15 கியூப். சீமெந்தும் அதே அளவில் மிச்சமாகும். உலகம் முழுவதிலும் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 வீதம் சீமெந்து உற்பத்தியிலிருந்து வருகிறது என்பதால், மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு பைக்கும் பொருளுண்டு.

சீமெந்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வன்னி வெயிலில் இதைத்தான் அதிகம் காண்கிறேன். சீமெந்துக் கல் அரிந்த (அச்சில் வார்த்தெடுத்த) மறுநாளே வெயிலில் காயப் போடுகிறார்கள். பிறகு கல் உடைகிறது என்று சீமெந்தைக் கூட்டிப் போடுகிறார்கள். சீமெந்து இறுகுவதற்கு ஈரம் வேண்டும். கல்லையும் கொங்கிறீற்றையும் நிழலில் சாக்குப் போட்டு மூடி, குறைந்தது ஏழு நாள் நனைத்து வந்தால் அதே கலவையிலேயே வலுவான கல் கிடைக்கும். இதற்கு வேண்டியது சாக்கும் தண்ணீரும் பொறுப்பான ஓர் ஆளும் மட்டுமே. கருங்கல் உடைக்கும் ஆலைகளில் கிடைக்கும் கற்தூளை, சலித்துப் பார்த்து, ஆற்று மணலில் ஒரு பங்குக்குப் பதிலாகக் கல் அரியப் பயன்படுத்தலாம். பூச்சுக்கு அது அவ்வளவு இணங்குவதில்லை.

மரத்துக்கும் இதே ஒழுங்குதான். முதிரை மரமும் பாலை மரமும் கேட்கும் வாடிக்கையாளரிடம் அரச மரக் கூட்டுத்தாபனத்தின் பற்றுச்சீட்டோ வனவளத் திணைக்களத்தின் போக்குவரத்து அனுமதியோ இல்லாத மரத்தைப் பாவிப்பதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூரையின் கைமரத்துக்கும் சிலாகைக்கும் முற்றிய பனை நல்லது. ஆனால் 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ்ப் பெண் பனை தறிக்க அனுமதி தேவை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். போரில் எத்தனை பனந்தோப்புகள் தலையிழந்து நின்றன என்பதைப் பார்த்தவர்கள் நாம். சொந்த வளவுப் பனை என்றாலும் அனுமதி எடுத்துத்தான் தறிக்க வேண்டும்.

மண்கல்லும் மாமனாரின் கேள்வியும்

உங்கள் மாமனாரின் எதிர்ப்பை நீங்கள் பழைய தலைமுறையின் அறியாமை என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் நான் உடன்படவில்லை. போரின் முடிவில் இடம்பெயர்ந்தவர்கள் இருந்த செட்டிகுளத்து முகாம்களில் தறப்பாளுக்குள் மழையும் வெயிலும் பார்த்து, மீள்குடியேறிய பின்னும் ஆண்டுக்கணக்கில் தகரக் கொட்டிலில் இருந்த குடும்பத்துக்குச் சீமெந்துச் சுவர் என்பது இனி ஓட வேண்டியதில்லை என்ற உறுதி. 2012 ஒக்டோபரில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தின் 550,000 ரூபாய் உதவியோடு நகையை அடகு வைத்து மிச்சத்தைக் கட்டி முடித்தவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். 2016 அளவில் 65,000 உருக்கு வீடுகளை வடக்கு கிழக்கில் நிறுவும் திட்டம் பேசப்பட்டபோது, இந்த வெக்கைக்கு அது பொருந்துமா, எங்கள் மேசன்மாருக்கு அதில் வேலை உண்டா என்று மக்கள் எழுப்பிய கேள்விகளையும் நினைத்துப் பாருங்கள். வீடு எதனால் கட்டப்பட வேண்டும் என்பதில் இந்த மண்ணுக்குச் சொந்தக் கருத்து இருக்கிறது. அதை மதிக்காமல் விற்கப்போனால் மாமனார் சொன்னதுதான் நடக்கும்.

ஆனால் அழுத்திய மண்கல் பழைய மண்சுவர் அல்ல. சலித்த மண்ணில் பொதுவாக 5 முதல் 10 வீதம் வரை சீமெந்து கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, சூளையில் சுடாமல், ஏறத்தாழ 28 நாள் பதப்படுத்தி எடுக்கும் கல் அது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள ஆரோவில்லில் இந்தக் கல்லால் பல மாடிக் கட்டடங்களே நிற்கின்றன. மண்ணின் சேர்மானம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்: சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 வீதத்துக்குக் கிட்டவாக இருந்தால் நல்லது. ஒரு கண்ணாடிப் போத்தலில் மண்ணையும் நீரையும் குலுக்கி ஒருநாள் வைத்தால் படிவது அடுக்கடுக்காகத் தெரியும்; முதற்கணிப்புக்கு அது போதும். முருங்கன் பக்கத்துக் கருங்களியைப் போல ஈரத்தில் பருத்துக் கோடையில் வெடிக்கும் மண் இதற்கு உதவாது. மேல்மண்ணை ஒதுக்கி வைத்து அடிமண்ணை மட்டுமே எடுக்க வேண்டும். நம்முடைய இடத்துக்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு: கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்ட காணி என்று உறுதியாகத் தெரியாத எந்த நிலத்திலும், மண் எவ்வளவு நன்றாக இருந்தாலும், உங்கள் ஆளை மண்வெட்டியோடு அனுப்பாதீர்கள்.

இயந்திரத்தைக் கடனில் வாங்குவதை ஒரு வருடமாவது தள்ளிப் போடுங்கள் என்பதே என் ஆலோசனை. ஒரு மாதக் கல்லைப் பதப்படுத்தி அடுக்கி வைப்பதற்கு நிழலான இடமும் முடங்கிக் கிடக்கும் முதலும் வேண்டும்; கேட்டு வருபவர் இல்லாத நிலையில் கடன் தவணை மட்டும் மாதம் தவறாமல் வரும். வாடகைக்கோ இரவலுக்கோ இயந்திரம் எடுத்து முதலில் உங்கள் சொந்த அலுவலகத்தைக் கட்டுங்கள். அத்திவாரத்தை உயர்த்தி, தாவாரத்தை அகலமாக இறக்கி, உட்சுவரை மட்டும் பூசி, வெளிச்சுவரைப் பூசாமல் விடுங்கள். கல்லின் வலிமையைச் சோதிப்பதற்கு அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தை அணுகிக் கேட்கலாம். ஒரு மாரியைக் கடந்து அந்தச் சுவர் நிற்பதை உங்கள் மாமனார் தொட்டுப் பார்க்கட்டும். அவர் ஒப்புக்கொண்டால் ஊர் ஒப்புக்கொள்ளும். அவர் அப்போதும் மறுத்தால், கடன் எடுக்காமல் இருந்ததற்கு நீங்களே மகிழ்வீர்கள்.

கூரை, வெக்கை, தண்ணீர்

அஸ்பெஸ்டஸ் சீற்றை நிறுத்துவது நல்ல முடிவு. நீல வகை 1987இலேயே இலங்கையில் தடை செய்யப்பட்டது. வெள்ளை வகை இன்னும் விற்பனையில் இருப்பதால் அது பாதுகாப்பானது என்று பலர் எண்ணுகிறார்கள். எல்லா வகையும் புற்றுநோயை உண்டாக்கும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆனால் நீங்கள் பயந்திருப்பது போல, சீற்றின் கீழே குடியிருக்கும் வாடிக்கையாளரின் தாய்க்கு அல்ல முதல் ஆபத்து. அதை வாளால் அரிந்து, துளை போட்டு, உடைத்துத் தூசியைச் சுவாசிக்கும் உங்கள் ஆட்களுக்குத்தான் முதல் ஆபத்து, நோய் தெரிய வருவதற்கு 20 முதல் 40 ஆண்டுகள் கூட ஆகலாம். பழைய கூரை கழற்றும் வேலை வந்தால் நீர் தெளித்து நனைத்து, முழுச் சீற்றாகவே இறக்கி, தூசியைத் தடுக்கும் முகக்கவசம் கொடுத்துச் செய்வியுங்கள். உடைந்த துண்டுகளை வளவில் பள்ளம் நிரப்பப் போடவே கூடாது.

அதற்குப் பதிலாக என்ன என்பதில் எளிய விடை இல்லை. ஓட்டுக்கு மரம் கூடுதலாக வேண்டும், தகரச் சீற்றுக்குக் கீழ்த்தட்டு (உட்கூரை) இல்லாவிட்டால் மத்தியானத்தில் உள்ளே இருக்க முடியாது. ஓட்டையும் பனஞ்சிலாகையையும் நான் விரும்புவேன்; செலவு தாங்காத குடும்பத்துக்குத் தகரமும், இடைவெளி விட்ட கீழ்த்தட்டும், கூரைக்குள் காற்று புகுந்து வெளியேற வழியும் வைத்துக் கொடுங்கள். நம் பக்கத்தில் சித்திரை முதலிலும் ஆவணி நடுவிலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், மற்ற நாட்களில் காலையும் மாலையும் கிழக்கு மேற்குச் சுவர்களைச் சுடும். அதனால் வீட்டின் நீளத்தைக் கிழக்கு மேற்காகப் போட்டு, சோழகக் காற்று (தென்மேற்குக் காற்று) வரும் பக்கம் யன்னலைத் திறந்து, மேற்கே ஒரு விறாந்தையும் வேம்பும் வைத்தால், மின்விசிறி ஓடும் நேரம் குறையும். வரைபடத்தில் இதைச் செய்யச் சதம் செலவில்லை.

மழைநீரைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 1,000 சதுர அடிக் கூரை என்பது 93 சதுர மீற்றர். ஆண்டுக்கு 1,250 மில்லிமீற்றர் மழை என்று கொண்டு, ஐந்தில் ஒரு பங்கு வீணாகப் போனாலும் ஏறத்தாழ 93,000 லீற்றர் கிடைக்கும். அது பெரும்பாலும் ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையே கொட்டிவிடுவதால் முழுவதையும் தொட்டியில் பிடிக்க முடியாது. பிடிக்கக்கூடியதைத் தொட்டிக்கும் மிச்சத்தைக் கிணற்றடியில் ஊறுகுழிக்கும் விடுங்கள். மலக்குழியைக் கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாமல் தள்ளி வையுங்கள். அயல்வீட்டுக் கிணற்றுக்கும் அதே தூரம். இதை இடம் பார்த்து உறுதி செய்யப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முன்கூட்டியே கேட்பது நல்லது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் எங்கெங்கே நீர் நின்றது என்று ஊரவரிடம் விசாரிக்காமல் அத்திவார மட்டத்தைத் தீர்மானிக்காதீர்கள். வயற்காணியை நிரப்பி வீடு கட்டித் தரும்படி கேட்டால், கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கை வைக்க வேண்டாம்.

சூரிய மின்தகட்டை எல்லா வீட்டுக்கும் கட்டாயமாக்காதீர்கள். தனியே வாழும் ஒரு தாயின் மின்கட்டணம் சிறியது. பின்னர் பொருத்த வசதியாக வயர் போகும் குழாயையும் தாங்கும் வலுவுள்ள கூரையையும் விட்டுக் கொடுத்தால் போதும்.

இருபத்துமூன்று பேர்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்திய இடம், நாட்சம்பளக்காரருக்குச் சேமலாப நிதி இல்லை என்று நீங்கள் ஒரு வரியில் கடந்து போனது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நாட்சம்பளம், மாதச்சம்பளம் என்று பிரிப்பதில்லை. ஊழியரின் பங்கு 8 வீதம், உங்கள் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நீங்கள் மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். 15 பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருப்பதால், ஐந்து ஆண்டுகள் முடித்த நாட்சம்பளக்காரர் விலகும்போது ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட் சம்பளம் பணிக்கொடையாகவும் சேரும். குழு ஒப்பந்தமாக வேலை கொடுக்கும் மேசன்மாரின் நிலை வேறாக இருக்கலாம்; அதைத் தொழில் திணைக்களத்திலோ சட்டத்தரணியிடமோ உறுதி செய்யுங்கள். நிலுவை இருந்தால் ஒளிக்காமல், தவணையில் கட்ட முடியுமா என்று நீங்களே போய்க் கேளுங்கள். ஆற்றை மதித்து அள்ளிய மணலில், முதுமைக்கு ஒரு சதமும் இல்லாத மேசன் கட்டிய வீட்டை நான் நல்ல வீடு என்று சொல்ல மாட்டேன்.

பதாகையில் எழுதுவது

பதாகையை இப்போது வைக்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் வர்த்தக நடத்தையைத் தடுக்கிறது. ‘பசுமை வீடு’ என்ற சொல்லை எதைக் கொண்டு நிறுவுவீர்கள் என்று யாரும் கேட்கலாம். இலங்கைப் பசுமைக் கட்டட மன்றத்தின் தரமதிப்பீடு போன்றவை இருக்கின்றன. அவற்றைப் பெறாமல், பெற்றதுபோல் தொனிக்கும் சொல்லைத் தவிர்க்க வேண்டும். அதைவிட உறுதியான ஒன்று உங்களால் முடியும். சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே தொகை பேசுவதை விட்டு, பொருளும் அளவும் வரி வரியாக எழுதிய பட்டியலை ஒப்பந்தத்தோடு இணையுங்கள். சதுர அடிக் கணக்கில் விரயம் யார் தலையில் விழுகிறது என்பதே வெளியில் தெரிவதில்லை. வீடு கையளிக்கும்போது மணல் அனுமதி இலக்கங்கள், மரத்தின் பற்றுச்சீட்டுப் பிரதி, கல்லின் சோதனை முடிவு, தொட்டியின் கொள்ளளவு, மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். எழுத முடியாததை வாயாலும் சொல்ல வேண்டாம்.

நட்டம் எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். முதல் ஆண்டில் சேமலாப நிதியும் அனுமதியுள்ள மணலும் செலவைக் கூட்டும். நேரான சுவரும் நனைத்து எடுத்த கல்லும் விரயத்தைக் குறைக்கும். இரண்டும் எவ்வளவு தூரம் ஈடாகும் என்பதை உங்கள் கொப்பிதான் காட்டும், அடுத்த இரண்டு வீட்டுக்கு மட்டும் கணக்கு வைத்துப் பாருங்கள். விலை கூட்ட வேண்டி வந்தால் எந்த வரியில் எவ்வளவு கூடியது என்று பட்டியலிலேயே காட்டிக் கேளுங்கள். மறுத்துப் போகும் வாடிக்கையாளர் சிலர் இருப்பார்கள்.

இன்று செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கனடாவிலிருந்து வந்தவருக்கு எழுதுங்கள்: இதுவரை நான் மணல் வந்த இடத்தைக் கேட்டதில்லை, உங்கள் அம்மாவின் வீட்டிலிருந்து கேட்கத் தொடங்குகிறேன், ஒவ்வொரு பாரத்தின் அனுமதிப் படத்தையும் உங்களுக்கு அனுப்புகிறேன் என்று.